சியாட்டில் அக்கம்பக்க இணைநிதி

சியாட்டில் அக்கம்பக்க இணைநிதி என்பது ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் மாநகராட்சி, உள்ளூர்ச் சமூகக் குழுக்களுக்கு வழங்கிவரும் சிறு நல்கைத் திட்டம் ஆகும். ஆங்கிலத்தில் இது 'நெய்பர்ஹுட் மேட்சிங் ஃபண்ட்' என வழங்கப்படுகிறது. 1988 இல் உருவாக்கப்பட்டு, 1989 இல் முதல் நல்கைகளை வழங்கிய இத்திட்டத்தின் கீழ் இதுவரை 5,000க்கும் மேற்பட்ட செயற்றிட்டங்கள் உதவி பெற்றுள்ளன. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், சமூகத் தோட்டங்கள், சுவரோவியங்கள், மரம் நடுதல், தெருவிழாக்கள், வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புகள் முதலியன இவற்றுள் அடங்கும்.

நல்கை என்பது திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகை. அரசுகளும் அறக்கட்டளைகளும் சமூக அமைப்புகளுக்குச் சிறு நல்கைகள் வழங்குவது புதிதன்று. இத்திட்டத்தைத் தனித்துக் காட்டுவது இதன் பெயரிலுள்ள 'இணை' என்னும் சொல்லாகும். மாநகராட்சி தரும் தொகைக்கு ஈடான மதிப்பைக் குடியிருப்பாளர்களும் தம் பங்காகத் தரவேண்டும். அப்பங்கு பணமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை; மண் வெட்டிய நேரத்தையும் வண்ணம் பூசிய நேரத்தையும் மணிக் கணக்கில் எழுதிக் காட்டலாம். இவ்வொரு விதியே திட்டத்தின் வெற்றிக்கும், பின்னாளில் எழுந்த சிக்கல்கள் சிலவற்றுக்கும் காரணமாக அமைந்தது.

பின்னணி

1980களில் சியாட்டிலின் நகரமையப் பகுதியில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் விரைவாக எழுந்தன. நகரமையத்துக்குக் கிடைக்கும் கவனமும் பணமும் தங்கள் குடியிருப்புப் பகுதிகளுக்குக் கிடைப்பதில்லை என்ற மனக்குறை புறப்பகுதி மக்களிடையே வலுத்தது. இந்த அதிருப்தியின் ஒரு வெளிப்பாடாக, நகரமையக் கட்டடங்களின் உயரத்துக்கும் பரப்புக்கும் வரம்பு விதிக்கும் மக்கள் முன்மொழிவு ஒன்று 1989 இல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

இதற்கு முன்னரே, 1987 இல், குடியிருப்புப் பகுதிகளுக்கான திட்டமிடலையும் உதவியையும் முறைப்படுத்தும் தீர்மானம் ஒன்றை நகரசபை ஏற்றிருந்தது. அதன்படி நகரம் 13 வட்டாரங்களாக வகுக்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஒன்றாக வட்டார மன்றங்களும், அவற்றின் பேராளர்களைக் கொண்ட நகரளாவிய மன்றமும் அமைக்கப்பட்டன. 1988 இல், சார்லசு ராயர் மேயராக இருந்தபோது, அக்கம்பக்கங்கள் அலுவலகம் தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் அக்கம்பக்கங்கள் துறையாக வளர்ந்தது. இணைநிதி இவ்வலுவலகத்தின் பொறுப்பில் விடப்பட்டது.

அலுவலகத்தின் முதல் இயக்குநராகச் சிம் டயர்சு என்பவர் அமர்த்தப்பட்டார். இவர் அரசு அலுவலராக இருந்து மேலே வந்தவர் அல்லர். நகரின் தென்பகுதியில் மாநகராட்சியை எதிர்த்துப் போராட மக்களைத் திரட்டிய சமூக ஒருங்கிணைப்பாளர். அத்தகைய ஒருவரையே மாநகராட்சி தன் அலுவலகத்துக்குத் தலைவராக்கியது அக்காலத்தில் வியப்புடன் பார்க்கப்பட்டது. அவர் மூன்று மேயர்களின் கீழ் 14 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 2002 இல் புதிதாகப் பதவியேற்ற மேயர் கிரெக் நிக்கல்சு அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். தம் பணிக்காலப் பட்டறிவை டயர்சு 'நெய்பர் பவர்' என்னும் நூலாக எழுதினார். அதனை வாசிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004 இல் வெளியிட்டது.

முதலாண்டில், அதாவது 1989 இல், இணைநிதிக்கென ஒதுக்கப்பட்ட தொகை 1,50,000 டாலர் மட்டுமே. ஒரு மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. 2001 அளவில் இது ஆண்டுக்கு 45 இலட்சம் டாலராக உயர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் 38 பகுதிகளுக்கான வளர்ச்சித் திட்டங்களைக் குடியிருப்பாளர்களே வரைந்தனர். அவற்றை நடைமுறைப்படுத்தும் வழிகளுள் ஒன்றாக இணைநிதி கருதப்பட்டமை இவ்வுயர்வுக்கு முதன்மைக் காரணமாகும். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒதுக்கீடு குறைந்தது.

1991 இல் இத்திட்டம், போர்டு அறக்கட்டளையும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளியும் இணைந்து வழங்கும் அரசுப் புத்தாக்க விருதைப் பெற்றது. அதன்பின் ஐக்கிய அமெரிக்காவின் வேறு நகரங்களும் இதைப் பின்பற்றத் தொடங்கின.

இயங்கும் முறை

நல்கை கோரும் குழு பதிவு செய்யப்பட்ட நிறுவனமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு தெருவில் வசிப்போர் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று மட்டும் கூடி அமைத்த தற்காலிகக் குழுவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அக்குழு அப்பகுதியினர் எவரும் சேரத்தக்கதாக, திறந்ததாக இருக்கவேண்டும். தனிமனிதர்கள், தனி வணிக நிறுவனங்கள், அரசு முகமைகள், அரசியல் குழுக்கள் ஆகியோருக்கு நல்கை வழங்கப்படுவதில்லை. தொடக்கத்தில் 'அக்கம்பக்கம்' என்பது நிலப்பகுதியை மட்டுமே குறித்தது. பின்னர், ஒரே இடத்தில் வாழாமல் நகரெங்கும் சிதறி வாழும் குடியேறிகள் போன்ற சமூகத்தினரின் குழுக்களும் ஏற்கப்பட்டன.

செயற்றிட்டத்தால் பொதுமக்களுக்கு இலவசமாகப் பயன் கிடைக்கவேண்டும். வேலை ஏறத்தாழ ஓராண்டுக்குள் முடியும் தன்மையுடையதாக இருக்கவேண்டும். ஒரு குழுவின் அன்றாட நிருவாகச் செலவுக்கோ நிலையான ஊதியங்களுக்கோ இந்நிதி வழங்கப்படுவதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால், மாநகராட்சிக்கும் குழுவுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகும். துறையின் அலுவலர் ஒருவர் குழுவுக்கு வழிகாட்டியாக இருப்பார். வரைபட அனுமதி, காப்புறுதி, பூங்காத் துறையின் ஒப்புதல் எனப் பல வாயில்களைக் கடக்கவேண்டியிருப்பதால், பணத்தைவிட இவ்வலுவலரின் உதவியே பெரிது எனக் கருதிய குழுக்களும் உண்டு.

உழைப்பைக் கணக்கிடுதல்

குடியிருப்பாளர்களின் பங்கு நான்கு வகையாக அமையலாம். அவை திரட்டிய பணம், நன்கொடையாகப் பெற்ற பொருட்கள், தொழில்முறைச் சேவைகள், தன்னார்வலரின் உடலுழைப்பு என்பனவாகும். இவற்றுள் கடைசி வகையே கவனத்துக்குரியது.

தன்னார்வலர் ஒருவரின் ஒரு மணிநேர உழைப்புக்கு மாநகராட்சி ஒரு பொது மதிப்பை நிர்ணயிக்கிறது. இம்மதிப்பு காலத்துக்குக் காலம் உயர்த்தப்பட்டுள்ளது. மண் சுமப்பவர் வங்கி மேலாளரா, வேலை தேடிக்கொண்டிருப்பவரா, பள்ளி மாணவரா என்று கேட்கப்படுவதில்லை. அனைவருடைய ஒரு மணிநேரமும் ஒரே மதிப்புடையது. ஒருவர் தம் தொழில் திறனையே கொடையாக அளித்தால், எடுத்துக்காட்டாக ஒரு கட்டடக்கலைஞர் வரைபடம் வரைந்து தந்தால், அது தொழில்முறைச் சேவையாகத் தனியே கணக்கிடப்படும். அதே கட்டடக்கலைஞர் கூடை சுமந்தால் அவர் மற்றவரைப் போன்ற தன்னார்வலரே.

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு குழு 10,000 டாலர் நல்கை கேட்கிறது என்றும், ஒரு மணிநேர உழைப்பின் மதிப்பு 20 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். 30 பேர் ஆளுக்கு 10 மணிநேரம் உழைத்தால் 300 மணிநேரம். அதன் மதிப்பு 6,000 டாலர். உள்ளூர் மரக்கடை தரும் பலகைகளின் விலை 2,500 டாலர். மீதி 1,500 டாலரை வீட்டுக்கு வீடு திரட்டிவிட்டால் 10,000 டாலர் இணைப்பங்கு நிறைவடைகிறது. 20,000 டாலர் மதிப்புள்ள வேலையை மாநகராட்சி பாதிச் செலவில் பெறுகிறது. பணம் மட்டுமே கேட்கப்பட்டிருந்தால் இதே குழு 10,000 டாலரைத் திரட்டியிருக்கவேண்டும். வசதி குறைந்த பகுதியில் அது நடவாத காரியம்.

உழைப்பு நேரங்கள் வருகைப் பதிவேட்டில் நாள்வாரியாக எழுதப்பட்டு, உழைத்தவரின் கையெழுத்துடன் மாநகராட்சிக்குத் தரப்படவேண்டும். சலிப்பூட்டும் வேலை இது. எனினும் இப்பதிவேடுகளால் மற்றொரு பயன் விளைந்தது. தம் பகுதியில் யாருக்கு என்ன செய்யத் தெரியும், யாரை எந்நேரத்தில் அழைக்கலாம் என்பது எழுத்தில் பதிவாயிற்று.

திட்டத்தின் சிந்தனைப் பின்புலம் வளஞ்சார் சமூக வளர்ச்சி எனப்படும் அணுகுமுறையுடன் ஒத்துப்போகிறது. ஒரு பகுதியிடம் என்ன இல்லை எனப் பட்டியலிடுவதற்கு மாறாக, அங்குள்ளோரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது எனத் தேடுவதிலிருந்து தொடங்கவேண்டும் என்பது இவ்வணுகுமுறை. நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான் மெக்நைட், சோடி கிரெட்சுமன் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட நூல் இதனைப் பரவலாக அறியச்செய்தது. சியாட்டில் திட்டம் அந்நூலுக்கு நான்காண்டுகள் முந்தியது.

நல்கை வகைகள்

தொகையின் அளவுக்கேற்ப விண்ணப்ப முறை வேறுபடும். 2010களில் மூன்று வகைகள் இருந்தன. 'சிறுபொறி' நல்கை 1,000 டாலர் வரையும், 'சிறியதும் எளியதும்' என்ற வகை 25,000 டாலர் வரையும், பெருந்திட்ட நல்கை 1,00,000 டாலர் வரையும் வழங்கப்பட்டன. பின்னர் இவை மாற்றியமைக்கப்பட்டு, சிறுபொறியின் வரம்பு 5,000 டாலராக உயர்ந்தது. பெரிய செயற்றிட்டங்களுக்கு 50,000 டாலர் வரையான சமூகக் கூட்டாண்மை நல்கை வழங்கப்படலாயிற்று.

குறிப்பிடத்தக்க செயற்றிட்டங்கள்

பிரீமாண்ட் பூதம்

இந்நிதியின் உதவி பெற்றவற்றுள் உலகறிந்தது இதுவே. சியாட்டிலின் பிரீமாண்ட் பகுதியில், அரோரா பாலத்தின் வடமுனையின் அடியில் இருந்த வெற்றிடம் குப்பை கொட்டும் இடமாகவும் போதைப்பொருள் விற்குமிடமாகவும் கிடந்தது. அவ்விடத்தை மீட்கும் நோக்குடன் பிரீமாண்ட் கலை மன்றம் சிற்பப் போட்டி ஒன்றை நடத்தியது. தெரிவான மாதிரிகள் ஊர்ச் சந்தையில் காட்சிக்கு வைக்கப்பட்டு மக்களின் வாக்குக்கு விடப்பட்டன. வென்றது, பாலத்தின் அடியில் வாழும் பூதம். இது வட ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் உரு. சுடீவ் பேடன்சு, வில் மார்ட்டின், டோனா வால்ட்டர், ராசு வைட்கெட் ஆகிய நால்வர் இதனை வடிவமைத்தனர்.

எஃகுக் கம்பி, வலை, பைஞ்சுதை ஆகியவற்றால் ஆன இச்சிற்பம் 18 அடி உயரமுடையது. பூதத்தின் இடக்கையில் நசுங்கிக் கிடப்பது உண்மையான வோக்சுவேகன் பீட்டில் மகிழுந்து. 1990 இல் வேலை முடிந்தது. சிற்பத்தின் மேல் யாரும் ஏறலாம். தடுப்பு வேலி இல்லை. குப்பை மேடாக இருந்த இடம் இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படமெடுக்கும் இடமாகிவிட்டது. பாலத்தின் கீழுள்ள தெருவுக்கு 2005 இல் பூதத்தின் பெயரே சூட்டப்பட்டது. விளக்குக் கம்பமும் காவலரும் கேட்டு மனு எழுதுவதுதான் இத்தகைய இடத்துக்கு வழக்கமான தீர்வு. பூதம் வேண்டும் என்று எந்த அரசுத் துறையும் தானாக முடிவெடுத்திருக்காது.

பிராட்னர் தோட்டப் பூங்கா

மவுண்ட் பேக்கர் பகுதியில் 1.6 ஏக்கர் அளவுள்ள மாநகராட்சி நிலம் ஒன்றை வீடுகள் கட்ட விற்றுவிட 1990களில் மாநகராட்சி எண்ணியது. லாவோசிலிருந்து வந்து குடியேறிய மியென் மக்கள் உள்ளிட்டோர் அங்கு ஏற்கெனவே காய்கறி பயிரிட்டு வந்தனர். குடியிருப்பாளர்கள் விற்பனையை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டினர். பூங்கா நிலத்தை விற்றால் அதற்கு ஈடான நிலத்தை அதே பகுதியில் தரவேண்டும் என்னும் அவர்களின் முன்மொழிவை 1997 இல் நகரசபை சட்டமாக ஏற்றது. நிலம் தப்பியது.

அதன்பின் அதே குடியிருப்பாளர்கள், தாங்கள் எதிர்த்த அதே மாநகராட்சியின் இணைநிதியைப் பெற்றுப் பூங்காவை அமைத்தனர். பயிர்ப் பாத்திகள், குழந்தைகளுக்கான அகரவரிசைத் தோட்டம், செயல்விளக்கத் தோட்டங்கள் ஆகியன அங்கு உள்ளன. கட்டட அமைப்புகள் சிலவற்றை வாசிங்டன் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் கட்டினர். அவர்களுக்குப் பயிற்றுவித்தவர் பூதத்தைச் செய்த நால்வருள் ஒருவரான பேடன்சு என்பது குறிப்பிடத்தக்கது.

சமூகத் தோட்டங்கள்

சியாட்டிலின் சமூகத் தோட்டங்கள் 'பி-பேட்ச்' எனப்படும். 1973 இல் பிக்கார்டோ என்னும் குடும்பத்தாரின் பண்ணை நிலத்தில் முதல் தோட்டம் தொடங்கியதால், அப்பெயரின் முதலெழுத்து ஒட்டிக்கொண்டது. இன்று நகரில் ஏறத்தாழ 90 தோட்டங்கள் உள்ளன. இவற்றுள் பலவற்றின் பாத்திகளும் நீர்க்குழாய்களும் கருவிக் கொட்டகைகளும் இணைநிதியால் அமைந்தவை. நல்கை ஒருமுறையே கிடைக்கும். தோட்டத்துக்கோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். பாத்தி வைத்திருப்போரே பராமரிப்பாளராகவும் இருப்பதால், பிற செயற்றிட்டங்களைப் பாதித்த பராமரிப்புச் சிக்கல் இங்குக் குறைவு.

பீக்கன் உணவுக் காடு என்பதும் இவ்வகையில் சேரும். நகரின் தண்ணீர், மின்சாரம் போன்ற சேவைகளுள் தண்ணீரைக் கவனிக்கும் துறைக்குச் சொந்தமான சரிவு நிலத்தில், எவரும் பறித்துக்கொள்ளக்கூடிய பழமரங்களையும் புதர்களையும் வளர்க்கும் முயற்சி இது. வடிவமைப்புக் கட்டத்தில் இணைநிதி உதவியது. 2012 இல் நடவு வேலைகள் தொடங்கின.

தீர்மானிப்போர் யார்?

இணைநிதிக்கான விண்ணப்பங்களை மதிப்பிடும் வேலையும் பெரும்பாலும் குடிமக்களிடமே விடப்பட்டிருந்தது. வட்டார மன்றங்களின் பேராளர்கள் விண்ணப்பங்களைப் படித்து, மதிப்பெண் இட்டு, பரிந்துரை செய்தனர். மேயரும் நகரசபையும் அப்பரிந்துரைகளின் மேல் முடிவெடுத்தனர். அலுவலர்கள் மூடிய அறைக்குள் முடிவெடுப்பதைவிட இது நேர்மையான முறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

ஆனால் அந்த மன்றங்களில் அமர்ந்திருந்தோர் யார் என்ற கேள்வி மெல்ல எழுந்தது. மாலை நேரக் கூட்டங்களுக்கு மாதந்தோறும் வரக்கூடியவர்கள் வயதில் மூத்தோராகவும், சொந்த வீடு உடையோராகவும், வெள்ளையராகவும் இருந்தனர். நகரமோ மாறிவிட்டிருந்தது. 1990 இல் 5,16,259 ஆக இருந்த மக்கள்தொகை 2020 இல் 7,37,015 ஆயிற்று. வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் வாடகைக்குக் குடியிருப்போர் வாழ்ந்தனர். இவர்களுள் சிலரே மன்றங்களுக்கு வந்தனர்.

2016 சூலையில் மேயர் எட் மரே, வட்டார மன்றங்களுடனான மாநகராட்சியின் அலுவல்முறைத் தொடர்பை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணையைப் பிறப்பித்தார். மன்றங்கள் நகர மக்களைப் பிரதிபலிக்கவில்லை என்பதே அவர் கூறிய காரணம். மன்றத்தினர் கடுமையாக எதிர்த்தனர். பல பத்தாண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர்களை ஒரே நாளில் தூக்கியெறிந்துவிட்டனர் என்றும், நகரின் கட்டட அடர்த்தியைக் கூட்டும் கொள்கையை எதிர்த்தமைக்கான பழிவாங்கல் இது என்றும் சிலர் கூறினர். அவ்வாண்டு இறுதியில் நகரசபையும் மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தது. புதிதாகச் சமூகப் பங்கேற்பு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு 2017 இல் செயற்படத் தொடங்கியது. இணைநிதி நீக்கப்படவில்லை, விண்ணப்பங்களை மதிப்பிடும் தன்னார்வலர்கள் நகரம் முழுவதிலிருந்தும் அழைக்கப்பட்டனர். மன்றங்கள் சில அரசு உதவியின்றித் தாமாகவே தொடர்ந்து கூடின.

இருதரப்பு வாதங்களிலும் உண்மை இருந்தது. மன்றத்தினர் யாரையும் வாயிலில் தடுக்கவில்லை. ஆயினும் இரண்டு வேலை பார்க்கும் ஒருவருக்கு, கதவு திறந்திருப்பதால் மட்டும் மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு வர இயலாது.

திறனாய்வுகள்

இதே வாதம் இணைப்பங்கு விதிக்கும் பொருந்தும் எனத் திறனாய்வாளர்கள் சுட்டுகின்றனர். ஒரு மணிநேரத்தின் மதிப்பு எல்லோருக்கும் சமம் என விதி கூறுகிறது. ஆனால் எல்லோரிடமும் ஒரே அளவு ஓய்வு நேரம் இருப்பதில்லை. வசதியான பகுதியில் சனிக்கிழமை காலையில் 30 பேரைத் திரட்டுவது எளிது. அங்கு வழக்கறிஞரும் கணக்காயரும் கட்டடக்கலைஞரும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பர். விண்ணப்பமும் அழகாக எழுதப்பட்டிருக்கும். மணிக்கூலிக்கு உழைப்போர் வாழும் பகுதியில், வார இறுதி என்பதே சிலருக்கு வேலைநாள். பண அடிப்படையிலான விதியைவிட இது நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் முழுமையாக நியாயமானது எனக் கூறிவிட இயலாது. துறையினர் இதனை உணர்ந்து, விண்ணப்பிக்காத பகுதிகளைத் தேடிச் சென்று உதவவும், பல மொழிகளில் விளக்கக் கூட்டங்கள் நடத்தவும் முற்பட்டனர்.

இரண்டாவது திறனாய்வு அடிப்படையானது. பூங்காவும் நடைபாதையும் மாநகராட்சியின் கடமை. வரி செலுத்திய மக்களிடமே மீண்டும் உழைப்பைக் கேட்பது முறையா என்பது அது. இணைநிதி பிற துறைகளின் ஒதுக்கீட்டுக்கு மேலதிகமாக இருக்கும்வரை இக்கேள்விக்கு வலு குறைவு. ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டு அவ்விடத்தில் இணைநிதியைக் காட்டினால் நிலைமை வேறு.

பராமரிப்பு மூன்றாவது சிக்கல். கட்டி முடிப்பதற்கு நிதி உண்டு. பத்தாண்டு கழித்து மரப்பலகை உளுத்தால் அதற்கு நிதி இல்லை. முன்னின்று நடத்தியவர் ஊர் மாறியிருப்பார். இதனால், பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை விண்ணப்பத்திலேயே எழுதவேண்டும் எனக் கேட்கப்படுகிறது.

சிறு நல்கைகள் அனைத்துக்கும் பொதுவான இடர் ஒன்று இங்கும் உண்டு. 1,000 டாலருக்கும் ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, அறிக்கை எல்லாம் வேண்டும். தொகை சிறிதானால் தாள் வேலையும் அதே விகிதத்தில் சிறுத்துவிடுவதில்லை. சிறுபொறிக்கெனத் தனியே எளிய விண்ணப்பம் வைத்தது இதனைக் கருதியே.

பிற இடங்களில்

ஐக்கிய இராச்சியத்தில் தேசியப் பரிசுச்சீட்டு வருவாயிலிருந்து 'அவார்ட்சு ஃபார் ஆல்' என்ற சிறு நல்கை வழங்கப்படுகிறது. 300 பவுண்டு முதல் 10,000 பவுண்டு வரையாக இருந்த இதன் உச்ச வரம்பு 2023 இல் 20,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இதற்கு இணைப்பங்கு தேவையில்லை. உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறு நல்கைத் திட்டம் 1992 இல் தொடங்கி, இந்தியா, இலங்கை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளூர் அமைப்புகளுக்கு உதவியுள்ளது. அதில் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பங்களிப்பு எதிர்பார்க்கப்படுகிறது. நாடுதோறும் அரசு சாராதோர் பெரும்பான்மையாக உள்ள வழிநடத்தற் குழுவே நல்கைகளைத் தெரிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் 1997-98 இல் தொடங்கப்பட்ட நமக்கு நாமே திட்டம், மக்கள் பங்களிப்புடன் ஊர்ப் பணிகளை நிறைவேற்றுவது. ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2011 இல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடைபெற்று, 2021 இல் மீண்டும் பழைய பெயரில் வந்தது. இதில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் பங்களிப்பாக இருக்கவேண்டும் என்பது பொது விதி. மக்கள் பங்கு பணமாகச் செலுத்தப்படுவதால், ஊரில் ஒரு புரவலரோ நிறுவனமோ முன்வந்தால் வேலை விரைந்து நடக்கும். சியாட்டில் திட்டத்துடன் ஒப்பிடும்போது காணப்படும் முதன்மை வேறுபாடு இதுவே.

உழைப்பைப் பங்காக ஏற்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. ஏரி, கால்வாய்களை ஊரார் தம் உழைப்பால் செப்பனிட்ட குடிமராமத்து முறை நெடுங்காலம் நிலவியது. 1858 இல் சென்னை மாகாணத்தில் அது கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. 2017 இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, பாசனதாரர்களின் பங்காகப் பத்து விழுக்காடு கேட்கப்பட்டது. அதனைப் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ தரலாம் என விதி அமைந்தது.